நொதிக்க வைக்கும் வாளிக்குள் பிளாஸ்டிக் உறை போடலாமா?

கேள்வி: வீட்டில் பீர் நொதிக்க வைக்கும் வாளிக்குள் பிளாஸ்டிக் உறை விரித்து அதில் ஊற்றலாமா? ஒவ்வொரு தடவையும் வாளியைக் கழுவும் வேலை மிச்சமாகுமே?

போடலாம். ஆனால் கழுவும் வேலை மிச்சமாகாது.

உங்கள் வாளியில் கீறல் விழுந்திருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் பழைய வாசனை போகவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அடியில் காய்ந்துபோன ஈஸ்ட் படிவைச் சொரசொரப்பான நாரால் தேய்த்து, வாளியின் உட்புறம் முழுக்கக் கோடு போட்டுவிட்டேன். அதை மறைக்கத்தான் உறை வாங்கினேன்.

குப்பைப் பை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘குப்பைப் பையில் ஊற்றினால் அப்படித்தான் ஆகும்’ என்று யாராவது எழுதுவார்கள். உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்ட, வாசனை சேர்க்காத பாலிஎத்திலீன் உறை. அதைச் சானிடைசரில் (பாத்திரங்களில் கிருமி நீக்கும் கரைசல்) நனைத்து விரித்தேன். உறைதான் இருக்கிறதே என்று வாளியை வெறும் தண்ணீரில் அலசியதோடு விட்டேன். தப்பு அங்கேதான்.

20 லிட்டர் வோர்ட்டை (பீராக நொதிக்கப்போகும் இனிப்பான தானியச் சாறு) நன்றாக ஆற்றி ஊற்றி, ஈஸ்ட் போட்டு, உறையின் வாயை விளிம்பில் மடித்து மூடியை அழுத்தினேன். மறுநாள் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாய்) ஒரு குமிழி இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டது என்று பதறி இன்னொரு பாக்கெட்டும் போட்டேன். நான்காம் நாள் ஹைட்ரோமீட்டரில் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை; சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) பார்த்தால், 1.050-ல் தொடங்கியது 1.018-க்கு இறங்கியிருக்கிறது! நொதித்தல் ஜோராக நடந்திருக்கிறது. வாயு மட்டும் ஏர்லாக்குக்குப் போகாமல், மூடிக்கடியில் மாட்டிய உறையின் சுருக்கங்கள் வழியாக வெளியேறியிருக்கிறது. வாயு வெளியே தள்ளும்வரை அதனால் கெடுதல் இல்லை. நொதித்தல் அடங்கியதும் அதே இடுக்கு வழியாக ஆக்சிஜன் உள்ளே வரும்.

பாட்டிலில் அடைக்கும் நாளில்தான் மிச்சக் கதை தெரிந்தது. வடித்து முடித்து உறையைத் தூக்கினால், உறைக்கும் வாளிக்கும் நடுவே ஒரு டம்ளர் பீர் நிற்கிறது, அதன்மேல் சுருங்கிய வெள்ளை ஏடு. உறையின் அடி ஒட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியே கசிந்தது, கீறல்களில் இருந்த கிருமிகளுக்குத் தீனியாகியிருக்கிறது. பீர் வடிய வடிய உறை தளர்ந்து, வெளியே நின்றது உள்ளேயும் கலந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் அத்தனை பாட்டிலும் புளித்துவிட்டது. ஒன்று விடாமல் கொட்டினேன்.

‘வைனே பையில் அடைத்து விற்கிறார்களே’ என்பவர்களுக்கு: அது பல அடுக்குப் படலம், ஆக்சிஜனைத் தடுக்கவே தனி அடுக்கு வைத்துச் செய்தது. மெல்லிய பாலிஎத்திலீன் படலம் அந்த அளவுக்குத் தடுக்காது. நொதிப்பதற்கென்றே செய்த கனமான உறைகளும் உண்டு. அவற்றை நான் குறை சொல்லவில்லை. அதேபோல, பிளாஸ்டிக் என்றாலே விஷம் என்றும் நான் சொல்லவில்லை. பாலிஎத்திலீனுக்கு மிருதுவாக்கும் ரசாயனம் தேவையில்லை, வளையும் பிவிசிக்குத்தான் அது சேர்ப்பார்கள். ஆனால் கொதிக்கும் வோர்ட்டை உறையில் ஊற்றாதீர்கள். உறைகளுக்குப் பயன்படும் மெல்லிய வகை 105 முதல் 115 டிகிரிக்குள் உருகிவிடும். 100 டிகிரி வோர்ட்டில் இளகி, ஒட்டுப் பிரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், மனது ஆறவில்லை. ‘7 நாள் கழித்துப் பாட்டிலில் அடைக்கவும்’ என்று எழுதுகிறார்களே, அந்தச் செய்முறைகளை யார் சரிபார்க்கிறார்கள்? ஈஸ்ட்டுக்கு நாள்காட்டி தெரியாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, எண் மாறாமல் இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். சர்க்கரை மிச்சமிருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும். என் நண்பர் ஒருவருக்குக் கையில் நான்கு தையல். அந்தச் செய்முறையில் ஹைட்ரோமீட்டர் என்ற சொல்லே இல்லை.

உங்கள் வாளிக்கு வருகிறேன். வாசனையை மட்டும் வைத்து வாளியைத் தூக்கிப் போடாதீர்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனையை வாளியின் பிளாஸ்டிக் பிடித்துவைத்துக்கொள்ளும், அது கிருமி அல்ல. உள்ளே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்த வாளியைத் தானியம் போட்டுவைக்க எடுத்துக்கொண்டு புதிது வாங்குங்கள். உறைதான் வேண்டுமென்றால், முந்தின இரவே அதில் தண்ணீர் நிரப்பி வாளிக்குள் வைத்து, காலையில் வெளிப்பக்கம் ஈரமா என்று பாருங்கள். காய்ந்திருந்தாலும் வாளியையும் சேர்த்தே சானிடைசரில் நனைத்துவிடுங்கள்.