கேரவன் டெபாசிட்டைத் திருப்பித் தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறோம். மாமியார், நாத்தனார், இரண்டு பிள்ளைகளோடு ஒரு சனி, ஞாயிறு சக்லேஷ்பூர் பக்கம் காபி எஸ்டேட்டில் தங்கி வரலாம் என்று டிரைவரோடு ஒரு கேரவன் எடுத்தோம். வண்டி வாடகையும் எஸ்டேட்டில் நிறுத்தும் இடமும் சேர்த்து 38,000 ரூபாய், டெபாசிட் 40,000. கரன்ட் இணைப்பு உண்டு என்று சொன்ன இடத்தில் கரன்ட் இல்லை. ராத்திரி முழுக்க ஃபேன்கூட ஓடவில்லை. "ஓடைப் பக்கமா நிறுத்தினா நல்லா இருக்குமே" என்று என் கணவர் சொன்னார், டிரைவரும் சரியென்று இறக்கினார். ஈர மண்ணில் சக்கரம் புதைந்துவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்ததில் பக்கவாட்டில் கீறல் விழுந்து, அடியில் கழிவுநீர்க் குழாயும் உடைந்தது. திரும்பி வந்த பிறகு ஒரு எஸ்டிமேட்டை அனுப்பி, டெபாசிட் முழுவதும் சேதத்துக்குச் சரியாகிவிட்டது என்கிறார்கள். கழிவுநீர் ஓடையில் கலந்தது என்று எஸ்டேட்காரர் தனியாக 5,000 கேட்கிறார். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் கம்பெனி முடிவே இறுதி, தகராறு வந்தால் கோர்ட் இல்லை, மும்பையில் தனி நடுவரை வைத்துத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷன்தான் என்று இருக்கிறது. போலீஸில் சீட்டிங் கேஸ் கொடுக்கலாமா?

பதில்: பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது சகோதரி, ஆனால் அது போலீஸ் ஸ்டேஷன் வழி அல்ல. அங்கே போனால் "சிவில் மேட்டர்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை. பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. அதில் குற்றம் நிற்க வேண்டுமென்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்களுக்கு வண்டி வந்தது, பயணமும் நடந்தது. நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டுத் தகடு மாற்ற 22,000, கழிவுநீர்த் தொட்டி புதிதாக வைக்க 18,000. கூட்டினால் உங்கள் டெபாசிட் பைசா பிசகாமல் வருகிறது. உடைந்தது குழாய் என்கிறீர்கள், தாளில் இருப்பதோ முழுத் தொட்டி. ஒர்க்‌ஷாப்பின் ஜி.எஸ்.டி. எண் இல்லை, முத்திரை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் போட்டிருக்கும் தேதி சனிக்கிழமை. அன்று ராத்திரி வண்டி சக்லேஷ்பூரில் நின்றது, ஞாயிறு இரவுதான் உங்களை வீட்டில் இறக்கிவிட்டது. சேதத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே விலை போட்ட தாள் இது! இதை உயிரைப் போலப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஃபைலை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம்.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்துவிட்டதாலேயே அதை முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. நியாயமான நஷ்ட ஈடு மட்டுமே கேட்கலாம், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது, நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தே ஆக வேண்டும் என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கீறலைச் சரிசெய்ய ஆன செலவை ஒரு பில்லால் காட்ட முடியும். காட்ட வேண்டியவர்கள் அவர்கள். எஸ்டிமேட் என்பது பில் ஆகாது.

அடுத்து, அவர்கள் பிடித்துக்கொள்ளப் போவது உங்கள் கணவர் சொன்ன வார்த்தையை. அதை மறைக்க வேண்டாம், புகாரில் நீங்களே எழுதிவிடுங்கள். ஓடைப் பக்கம் நிறுத்தலாமா என்று கேட்பது பயணியின் ஆசை. மண் தாங்குமா, இத்தனை எடையுள்ள வண்டி ஏறி வருமா என்று பார்க்க வேண்டியது ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவர் கம்பெனி ஆள், அவருடைய கவனக்குறைவு கம்பெனியின் கவனக்குறைவு. வண்டி ஒரு நிமிடம்கூட உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்படவில்லை. டிரைவர் வேண்டாம் என்றபோதும் நீங்கள் வற்புறுத்தியிருந்தால் கதை வேறு. அப்படி ஏதாவது மெசேஜ் இருந்தால் இப்போதே என்னிடம் சொல்லுங்கள்.

டிரைவர் இல்லாமல் தாங்களே ஓட்டிப் போகிறவர்களுக்கு நிலைமை மாறும். அப்போது அது ஒப்படைப்பு. சொந்தப் பொருளைப் போல் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவில் வாடகைக்கு எடுத்தவர் தலையில் விழுகிறது. ஆனால் வண்டியிலேயே கோளாறு இருந்து அதனால் கேடு வந்தால், அந்தக் கோளாறு தனக்குத் தெரியாது என்று உரிமையாளர் தப்பிக்க முடியாது, 150-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. சாவி வாங்கும்போதே வண்டியைச் சுற்றி, அடிப்பாகம் உட்பட, வீடியோ எடுத்துக்கொண்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பிள்ளைகள் வண்டி முன்னால் நிற்கும் படத்தில் நம்பர் பிளேட் தெரிகிறது. வெள்ளை பிளேட், கறுப்பு எழுத்து. அதாவது ஒயிட் போர்டு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை டிரைவரோடு வாடகைக்கு விடக் கூடாது. அப்படி ஓட்ட மஞ்சள் போர்டும் பர்மிட்டும் வேண்டும். வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டும் வண்டி என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். பர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192-ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு.

அபராதம் அவர்கள் பாடு. எனக்குக் கவலை இன்சூரன்ஸ். தனி உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் வாடகைக்கு ஓட்டினால் பொறுப்பு இல்லை என்ற நிபந்தனை இருக்கும். சக்லேஷ்பூரைத் தாண்டினால் ஷிராடி காட் இறக்கம். வயதான மாமியாரும் பிள்ளைகளும் இருந்த வண்டி அங்கே ஒரு விபத்தில் சிக்கியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அந்த நிபந்தனையைக் காட்டிக் கையை விரித்திருக்கும், நீங்கள் வருடக்கணக்கில் அலைந்திருப்பீர்கள். 40,000 போனதைவிட இதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. அடுத்த முறை பணம் அனுப்பும் முன்பு வண்டி நம்பரைக் கேட்டு வாங்கி எம்-பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எந்த வகைப் பதிவு, இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"வண்டியே சட்டப்படி ஓடவில்லை, அதனால் ஒப்பந்தமே செல்லாது" என்று அவர்களே வாதாடினாலும் பயப்பட வேண்டாம். செல்லாது என்று தெரியவந்த ஒப்பந்தத்தில் வாங்கிய பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவு. போர்டு விஷயம் உங்களுக்குத் தெரியாது, தவறும் உங்களுடையது அல்ல. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். "பணம் தராவிட்டால் ஆர்.டி.ஓ.விடம் போவேன்" என்று எழுதாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டதாகத் திருப்பிப் போடுவார்கள். ஆர்.டி.ஓ. புகார் கொடுக்க நினைத்தால் (கொடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்), தனியாகக் கொடுங்கள், டெபாசிட் பேச்சே அதில் வர வேண்டாம்.

மும்பை, ஆர்பிட்ரேஷன் இரண்டையும் மறந்துவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 34-வது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடாது என்று அஃப்தாப் சிங் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. "கம்பெனி முடிவே இறுதி" என்ற வரி கொஞ்சம் நுணுக்கமானது. அது நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்டால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். 40,000 ரூபாய்க்கு அந்தச் சுற்று வேண்டாம். சேவைக் குறைபாடு, டெபாசிட்டைத் தவறாகப் பிடித்தம் செய்தது என்று மட்டும் எழுதி மாவட்ட ஆணையத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரன்ட் இல்லாத விஷயத்தையும் அதே புகாரில் சேருங்கள். இடமும் வண்டியும் ஒரே தொகைக்கு விற்றது கம்பெனி, எஸ்டேட்காரரைக் கைகாட்டி நழுவ முடியாது. புக்கிங் செய்தபோது "பவர் பாயின்ட் இருக்கு மேடம்" என்று வந்த மெசேஜ் உங்களிடம் இருக்கிறது. 38,000-த்தில் 15,000 வரை திருப்பிக் கேட்பது நியாயமாகப் படும். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். மிகைப்படுத்திய தொகையைப் பார்த்தாலே ஆணைய உறுப்பினர்களுக்கு மற்ற வரிகள் மீதும் நம்பிக்கை குறைந்துவிடுகிறது.

முதலில் 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். செலவில்லை, சில கம்பெனிகள் அதற்கே இறங்கிவருவதுண்டு. கூடவே 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸை ஸ்பீட் போஸ்டிலும் ஈமெயிலிலும் அனுப்புங்கள். உண்மையான பில்லைக் காட்டி, ஏழெட்டாயிரம் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். கீறல் விழுந்தது நிஜம், உங்கள் கணவரின் பேச்சும் நிஜம். பேரத்துக்கு அந்த அளவு இடம் கொடுப்பதில் தவறில்லை.

மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு, ஆனால் இழுக்க வேண்டாம். டிரைவரோடு தமிழில் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டும். அதோடு மின்னணு ஆதாரங்களுக்கான பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழும் வைத்துவிடுங்கள், பின்னால் ஆட்சேபம் வராது. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்தபின் கம்பெனிக்காரர்கள் 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் போட்டாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லியிருக்கிறது. உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவில் சிறைவரை போகலாம், பெரும்பாலானவர்கள் அந்தப் பேச்சு வந்ததும் செக்கோடு வருவார்கள்.

எஸ்டேட்காரருக்கு 5,000 கொடுக்க வேண்டாம். குழாய் வண்டியுடையது, வண்டியை இறக்கியவர் கம்பெனி டிரைவர், கேட்க வேண்டியது அவர்களிடம். ஆனாலும் அவரைப் பகைத்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். அன்று ராத்திரி அந்த இணைப்பில் கரன்ட் இல்லை என்பதும், டிராக்டர் எத்தனை மணிக்கு வந்தது என்பதும் அவருக்குத்தான் நேரடியாகத் தெரியும். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தால் அதையும் அந்தச் சனிக்கிழமை எஸ்டிமேட்டையும் புகாரோடு முதல் இரண்டு ஆவணங்களாக இணையுங்கள்.