பதினைந்து பேருக்குப் பதினேழு படி
மரச்செதுக்கு அச்சு: கேள்வி – பதில்

மரப்பலகையில் படம் செதுக்கி, மை பூசித் தாளில் எடுக்கும் மரச்செதுக்கு அச்சில் கூட்டாக வேலை செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் குழுவின் பதில்களும்.

கேள்வி: எங்கள் குழுவில் 15 பேர். ஆளுக்கொரு படம் செதுக்கி அச்சிட்டு எல்லோருக்கும் ஒன்று கொடுப்பதாக முடிவு. 15 போதும் என்கிறார் ஒருவர், 20 வேண்டும் என்கிறார் இன்னொருவர். எத்தனை அச்சிடுவது? என்ன விதிகள் வைப்பது?

ஒவ்வொரு படத்துக்கும் 17 படி. ஆளுக்கு ஒன்றாக 15 (உங்கள் படியும் இதற்குள் அடக்கம்), கண்காட்சியில் மாட்ட ஒன்று, குழுவின் சேமிப்புக்கு ஒன்று. 1/17, 2/17 என்று படத்தின் கீழே பென்சிலால் எண் போடுங்கள். பேனா மை வெளுக்கும், தாளில் ஊறும். எண் போட்ட இந்த 17தான் பதிப்பு. அதற்கு வெளியே ஓரிரு படியை ‘ஏ.பி.’ (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப், கலைஞர் படி) என்று குறித்துச் செதுக்கியவர் வைத்துக்கொள்ளலாம். பதிப்பில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நிறுத்திக்கொள்வது வழக்கம், 17க்கு இரண்டு.

ஆனால் நல்ல தாள் 17 மட்டும் வெட்டி வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 24 வெட்டுங்கள். புதுப் பலகை முதல் மூன்று நான்கு படி வரை மையைக் குடித்துக்கொண்டே இருக்கும். அவற்றை மட்டமான தாளில் எடுத்துவிடலாம். அதன் பிறகும் விரல் ரேகை, மடிப்பு, கோணல் என்று நான்கைந்து கெடும்.

விதி வைக்கும்போது படத்தின் அளவை விட்டுவிட்டுத் தாளின் அளவைத் தீர்மானியுங்கள். 20 × 25 செ.மீ. தாள், கீழ் ஓரத்தில் குறைந்தது 2 செ.மீ. வெற்றிடம் என்றால் போதும். எல்லாத் தாளும் ஒரே பெட்டியில் அடங்கும். படம் தபால்தலை அளவிலும் இருக்கலாம். அடுத்தது, ஒரு தேதி வைக்காமல் இரண்டு தேதி வையுங்கள்: அச்சு முடிக்க ஒன்று, ஒப்படைக்க ஒன்று. எண்ணெய் மையில் அச்சிடுகிறவர்கள் இருந்தால் நடுவே இரண்டு வாரமாவது வேண்டும். பரிமாற்றங்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கடைசி நாள் அச்சிட்ட ஈரக் கறுப்பு, அடுத்தவர் படத்தின் முதுகில் பதிந்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க, மிகக் கறுத்த இடத்தில் வெள்ளைத் தாள் துண்டை வைத்து நகத்தின் முதுகால் தேயுங்கள். துண்டில் கறை ஏறினால் இன்னும் காயவில்லை. ஒவ்வொரு படிக்கும் நடுவே கிளாசின் தாள் (வழவழப்பான, பாதி ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்) வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதிலுள்ள அமிலம் நாளடைவில் நல்ல தாளைப் பழுப்பாக்கும்.

17 படிகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வேண்டுமென்றே நிறத்தை மாற்றி மாற்றி அச்சிட்டிருந்தால் எண்ணோடு ‘ஈ.வி.’ (மாறுபடும் பதிப்பு) என்று சேர்த்து எழுதுவது முறை. கைதவறி மாறிப்போனதற்கெல்லாம் ‘ஈ.வி.’ போடக்கூடாது!

கேள்வி: முழுக் கறுப்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மையைக் கூட்டினேன். மெல்லிய கோடுகள் அடைத்துக்கொண்டன, புள்ளிகள் போகவில்லை. பிரஸ் கிடையாது, மரக் கரண்டியால் தேய்க்கிறேன்.

மையைத் தொடும் முன், அடுத்தடுத்து எடுத்த மூன்று படிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். புள்ளிகள் மூன்றிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் குறை பலகையில். இடம் மாறி மாறி விழுந்திருந்தால் மையிலோ தாளிலோ கையிலோ.

ஒரே இடம் என்றால், எஃகு அளவுகோலின் விளிம்பைப் பலகையின் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பிடியுங்கள். அடியில் வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். பெரிய, இறுக்கமான மை உருளை அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போயிருக்கும்; மையே விழாத இடத்தை எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. அந்த இடத்துக்கு மட்டும் மெத்தென்ற சிறிய உருளையால் மை கொடுங்கள். தேய்க்கும்போது கரண்டியின் விளிம்பைச் சாய்த்து, அங்கே சின்னச் சின்ன வட்டமாக அழுத்துங்கள். பள்ளம் இல்லை, புள்ளிகள் மர ரேகையோடு நீளவாட்டில் ஓடுகின்றன என்றால் அது மரத்தின் துளை. அடுத்த பலகையில் செதுக்கும் முன் ஷெல்லாக் (அரக்கு மெருகெண்ணெய்) இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். (அந்த ரேகைதான் அழகு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நாங்களும் அந்தக் கட்சிதான்.)

இடம் மாறுகிறது என்றால் காதைத் தீட்டுங்கள். கண்ணாடியில் மையை விரித்து உருளையை ஓட்டும்போது பட்டுத்துணி உரசுவதுபோல மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டால் அளவு சரி. ‘சப், சப்’ என்று ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம். அப்போது மையின் மேற்பரப்பும் ஆரஞ்சுப் பழத் தோல்போல மேடுபள்ளமாகத் தெரியும். சத்தமே இல்லாவிட்டால் போதவில்லை. நீங்கள் ஒரே தடவையில் தடிப்பாக ஏற்றியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தடித்த மை மேடான பரப்பில் நிற்காமல் கோடுகளின் பக்கச் சுவரில் வழியும். கோடு அடைத்தும் புள்ளி போகாததற்குக் காரணம் அதுதான். மெல்லியதாக நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் திசை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் உருளையைக் கண்ணாடியில் மறுபடி ஓட்டியெடுத்து.

தாள் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) நீர்வண்ணத் தாளாக இருந்தால் கரண்டியால் ஆகாது. அதன் சொரசொரப்பான முகடுகளில் மட்டும் மை ஒட்டும். கைத்தேய்ப்புக்கு 40 முதல் 100 ஜி.எஸ்.எம். வரையுள்ள நீண்ட நார்த் தாள், வழவழப்பான பக்கம் கீழே. தேய்ப்பதற்கும் அவசரம் ஆகாது. முதலில் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவித் தாளைப் படிய வைத்து, பிறகு கரண்டி. பாதியில் இரண்டு ஓரங்களில் எடை வைத்துவிட்டு ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் தாளை அப்படியே பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பலகைக்கு இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்து, மறுபடி படுக்கவைத்துத் தேய்க்கலாம். பிரஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காத சலுகை இது.

மை இளகி ஓடினால் மக்னீசியம் கார்பனேட் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கத்தியால் அரையுங்கள். கத்தியைத் தூக்கினால் மை சட்டென்று வழியாமல் தயங்கி விழ வேண்டும். இறுகியிருந்தால் ஆளிவிதை எண்ணெய் இரண்டு துளி. அதற்கு மேல் போனால் படத்தைச் சுற்றி எண்ணெய் வளையம் விழும்.

கேள்வி: ஜப்பானிய முறையில் நீர்வண்ண அச்சு. முதல் இரண்டு நிறம் சரியாக விழுகிறது. மூன்றாவது 2 மி.மீ. தள்ளிப் போகிறது. கென்தோ எல்லாப் பலகையிலும் ஒன்றுபோலத்தான் வெட்டியிருக்கிறேன்.

கென்தோ தெரியாதவர்களுக்காக ஒரு வரி: தாளைப் பொருத்தப் பலகையிலேயே வெட்டும் இரண்டு சிறு பள்ளங்கள். வலது மூலைக்கு ‘எல்’ வடிவில் ஒன்று, அதே ஓரத்தில் இடப்பக்கம் நேர்க்கோடாக ஒன்று. ஆழம் 1 மி.மீ. போதும்.

தள்ளல் படம் முழுக்க ஒரே அளவா, வலது மூலையிலிருந்து விலக விலகக் கூடுகிறதா? ஒரே அளவு என்றால் கென்தோவில் ஒரு சீவல் எடுங்கள், அல்லது மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டுங்கள். விலக விலகக் கூடினால் பலகைமேல் பிழையில்லை. மூன்றாம் நிறத்துக்குள் தாள் காய்ந்து சுருங்கிவிட்டது.

நனைக்கும் முறை: மையுறிஞ்சும் வெற்றுத் தாள்களை அடுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றைத் தூரிகையால் நனையுங்கள். நடுநடுவே அச்சுத் தாளை வையுங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே பலகையும் எடையும் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் கன்னத்தில் பட்டால் சில்லென்று இருக்க வேண்டும், மேலே நீர் மினுங்கக்கூடாது. எல்லாப் படிக்கும் ஒரு நிறம் முடித்ததும் உடனே கட்டுக்குள். வெயில் நாளில் மூன்று நான்கு நாளுக்கு மேல் கட்டு தாங்காது, பூஞ்சை பிடிக்கும். வேலை இழுத்தால் குளிர்பெட்டியில் வையுங்கள். இன்னொன்று: ஆலைத் தாள் நனைந்தால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். எல்லாத் தாளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால், பாதி ஒருபுறம் விரியும், மீதி மறுபுறம் விரியும். எந்தக் கென்தோவும் காப்பாற்றாது.

உங்கள் படியில் மணிமணியாகத் தெரிவதைக் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் கோமா-சுரி. கோமா என்றால் எள். பசை குறைவாகவும் அழுத்தம் லேசாகவும் இருந்தால் எள் விழும். அதை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு. வேண்டாமென்றால் உள்ளங்கை அளவு பரப்புக்குப் பட்டாணியளவு அரிசிப் பசை சேர்த்து, தூரிகையால் நிறத்தோடு நன்றாகக் கலந்து, பாரெனை (தாளின் முதுகில் தேய்க்கும் கைவட்டு) அழுத்தித் தேயுங்கள். பசை மிஞ்சினால் தூரிகைக் கோடுகள் தெரியும், தாள் பலகையில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பலகை, உளி எல்லாவற்றையும் குழுவாக வாங்கிப் பொதுவில் வைக்கலாமா?

பலகை, தாள், மை, சாணைக்கல், உருளை, பிரஸ் தாராளமாக. உளி வேண்டாம். ஒவ்வொருவரும் பிடிக்கும் கோணத்துக்கு ஏற்பத்தான் முனை தேயும். அடுத்தவர் தீட்டிய வி உளி உங்கள் கைக்கு மரத்தைக் கிழிக்கும். 1000 எண் கல், 6000 எண் கல், பச்சை மெருகுப் பூச்சு தடவிய தோல் பட்டை ஒன்று இருந்தால் ஒரு குழுவுக்குப் போதும். செதுக்கிய தடம் பளபளவென்று இருக்கும்வரை உளி கூராக இருக்கிறது. தடம் வெளுத்து நார் எழும்பினால் நிறுத்திவிட்டுப் பட்டையில் பத்து இழுப்பு.

பலகையைப் பொறுத்தவரை, லிண்டன் மர முகப்புள்ள பிளைவுட்டில் தொடங்குவது நல்லது. ரேகைக்குக் குறுக்கேயும் உளி ஒழுங்காக ஓடும். மயிரிழைக் கோடுகளுக்கு செர்ரி போன்ற இறுகிய மரம். பலகைகளைச் சுவரில் சாய்க்காதீர்கள், வளையும். படுக்கையாகவோ நேர்குத்தாகவோ நெருக்கி அடுக்குங்கள்.

பொது அறையில் ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் மை துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: ஒரே பலகையில், ஒரே தேய்ப்பில் பல நிறம் கிடைக்குமா?

கிடைக்கும். 1890களில் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் செய்ததைச் செய்யுங்கள்: பலகையை மெல்லிய ரம்பத்தால் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மை கொடுத்து, மறுபடி சேர்த்துவைத்து ஒரே முறையில் அச்சிடுவது. ரம்பம் போன வழி வெள்ளைக் கோடாக நிற்கும். அதையும் படத்தில் கணக்கு வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

கேள்வி: முதல் கண்காட்சி. 15 படங்களையும் எப்படி மாட்டுவது? பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது?

தாளை அட்டையில் முழுக்க ஒட்டாதீர்கள். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய நார்த் தாள் துண்டும் கோதுமைப் பசையும் கொண்டு கீல்போலத் தொங்கவிடுங்கள். தாள் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும். கண்ணாடி மையில் படாதபடி நடுவே சன்னல் வெட்டிய அட்டை. படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில். நேர் வெயில் கூடாது. அருங்காட்சியகங்கள் தாள் வேலைகளுக்கு 50 லக்ஸ் அளவிலேயே வெளிச்சம் வைக்கின்றன.

சீட்டில் தலைப்பு, ஆண்டு, ‘மரச்செதுக்கு, எண்ணெய் மை’ என்பதுபோல முறை, தாள், பதிப்பு எண். ஸ்கேன் எடுத்து இயந்திரத்தில் அச்சிட்ட நகலைப் பதிப்புக்குள் சேர்க்காதீர்கள். ஒரு மூலையில் மை காய்ந்த பலகை ஒன்றைப் படத்தோடு வையுங்கள். இடவலம் மாறியிருப்பதைப் பார்த்ததும் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். 1920இல் பிரிட்டனில் தொடங்கிய ‘சொசைட்டி ஆஃப் வுட் என்கிரேவர்ஸ்’ என்ற மரச்செதுக்குக் கலைஞர் சங்கம் தன் ஆண்டுக் கண்காட்சியை ஊர் ஊராக எடுத்துச் செல்கிறது. 15 படமும் ஒரே அளவு சட்டத்தில் இருந்தால் உங்களாலும் அது முடியும்.

கேள்வி: மாதக் கூட்டத்தில் எல்லோரும் ‘அருமை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உற்சாகமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை முன்னேறவில்லை.

முடித்த படத்தைக் கொண்டுவராதீர்கள். முடித்ததைப் பார்த்து வேறென்ன சொல்வார்கள்? பாதி செதுக்கிய பலகை, அடுத்தடுத்து எடுத்த மூன்று சோதனைப் படி, ஒரே ஒரு கேள்வி: ‘இந்த வானத்தை இன்னும் வெட்டலாமா, நிறுத்தலாமா?’ பார்ப்பவர்கள் முதலில் கண் எங்கே போனது என்பதை மட்டும் சொல்லட்டும். சோதனைப் படியின்மேல் வெள்ளைப் பென்சிலால் வெட்டப்போகும் இடத்தைக் குறித்துக்காட்டுங்கள். மரத்தில் வெட்டியதை ஒட்டவைப்பது பெரும்பாடு. தாளில் குறித்ததை அழித்துவிடலாம்.