பதில்: பிஓடி சரி, கார்பமசெபின் மட்டும் குறையவில்லை

வணக்கம். 100 படுக்கை மருத்துவமனையின் கழிவுநீரில் பிஓடி, சிஓடி (தண்ணீரில் அழுக்கு எவ்வளவு என்று காட்டும் அளவுகள்) வரம்புக்குள் இருந்தும் வலிப்பு மருந்தான கார்பமசெபினும் வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கும் குறையவில்லை, காற்றூட்டும் நேரத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கரண்ட் பில்தான் ஏறும். கார்பமசெபினை, காற்றூட்டும் தொட்டியில் அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய தொடுவதே இல்லை.

கடைசிக் கட்டமாக ஓசோனோ, குருணையான ஆக்டிவேட்டட் கார்பனோ (மருந்தைத் தன்மேல் ஒட்டவைத்துப் பிடிக்கும் கரி) சேருங்கள். இந்த இரண்டு மருந்துமே ஓசோனில் சட்டென்று உடையும். ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஓசோன் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். மணல் வடிகட்டிக்குப் பின்னால் வையுங்கள். தண்ணீரில் புரோமைடு இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். இருந்தால் ஓசோனால் புரோமேட் என்ற நச்சுப்பொருள் உருவாகும், அப்போது கார்பன்தான் நல்லது. கார்பனுக்கு முன்னால் குளோரின் விடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் 2016 முதல், இப்படிப்பட்ட நுண்மாசுகளை 80 சதவீதம் நீக்க வேண்டிய நிலையங்கள் நம்புவது ஓசோனையும் ஆக்டிவேட்டட் கார்பனையும்தான்.

அப்புறம், ஒரு நாள் வார்டு சிங்க் பக்கம் நின்று பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மீந்த ஆன்டிபயாடிக் ஊசிமருந்தை அதில்தான் பீய்ச்சிவிடுவார்கள், வயிறு எரியும். அது மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போக வேண்டியது. சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தை ஓசோன்கூடச் சரியாக உடைக்காது. ஸ்கேன் முடிந்த நோயாளியின் சிறுநீரைத் தனியாகப் பிடித்தால்தான் உண்டு.