புதிய ஸ்டாண்ட் மிக்சரில் அடித்த கேக் ஏன் அமுங்குகிறது? கொழும்பு வெக்கையில் அந்த இயந்திரத்தை எப்படிப் பழக்குவது?

தெஹிவளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வாங்கிய ஸ்டாண்ட் மிக்சரில், அதாவது கிண்ணத்தில் போட்டதைத் தானே அடித்துக் கலக்கும் இயந்திரத்தில், இரண்டு பட்டர் கேக் செய்தீர்கள். இரண்டும் நடுவில் அமுங்கி, அடியில் எண்ணெய் ஊறி, முன்பு மரக்கரண்டியால் அடித்த கேக்கைவிட மோசமாக வந்தன. ரொட்டி மா குழைத்தால் மோட்டார் பழுதாகிவிடுமோ என்று பயம். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்றும் அறிய விரும்புகிறீர்கள்.

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டுச் சமையலறையிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறந்தநாள் கேக் செய்து கொடுத்து வருகிறேன். என்னுடைய முதல் மாதமும் உங்களுடையதைப் போலத்தான் போனது. உங்கள் கேக்கைப் பார்க்காமலே சொல்கிறேன்: பிழை பட்டரின் சூட்டில் இருக்கிறது.

சமையல் குறிப்புகளில் 'அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்' என்று எழுதியிருக்கும். குளிர் நாட்டில் இருந்து அதை எழுதியவருடைய அறை 20 பாகை. நம்முடைய அறை ஏப்ரல் மாதத்தில் 31 பாகை. அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் வெளியே இருந்த பட்டர் பார்வைக்குத்தான் பட்டர்; உள்ளே பாதி எண்ணெய். சீனியின் கூரிய மணிகள் பட்டருக்குள் உழுது போகும்போது ஆயிரக்கணக்கான சிறு காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்கின்றன. கேக் அடிப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே சிக்கியிருக்கும் குமிழ்களை ஓவன் சூட்டில் ஊதிப் பெருக்க மட்டுமே அதற்குத் தெரியும். குமிழைப் பிடித்து வைக்கப் பட்டர் கெட்டியாகவும், அதே நேரம் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். அதற்கேற்ற சூடு 18 முதல் 20 பாகை. இளகிய பட்டரில் எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்று தங்காது.

மரக்கரண்டியால் அடித்தபோது ஏன் நன்றாக வந்தது என்ற சந்தேகம் உங்களுக்கு எழும். கை மெதுவானது, இடையிடையே ஓய்ந்து நின்றுவிடும். மிக்சருக்கு ஓய்வு தேவையில்லை. அதன் உராய்வே கலவையைச் சூடாக்குகிறது. ஏற்கெனவே இளகிய பட்டரை அதிக வேகத்தில் பத்து நிமிடம் விட்டால் நல்ல காரியம் நடக்க வழியில்லை. என் முதல் மாதத்தில் அப்படித்தான் விட்டேன். வேகம் கூடினால் கேக் மிருதுவாகும் என்று நம்பி, எட்டாம் வேகத்தில் போட்டுவிட்டு அடுத்த அறையில் துணி மடித்தேன். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் மினுமினுக்கும் மஞ்சள் கூழ் ஒன்று இருந்தது. மறுநாள் மாலை கொடுக்க வேண்டிய கேக் அது. அன்றிரவு புதிதாகப் பட்டர் வாங்கி, அம்மாவுடன் சேர்ந்து கையாலேயே அடித்து முடித்தேன்.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் கோதுமை மா, ஐந்து முட்டை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்பது எங்கள் வீட்டு அளவு. பட்டரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சிறு கட்டிகளாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் மட்டும் வெளியே வைக்கிறேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் மினுமினுப்பு ஒட்டக் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் சீனி பெருமணியாக இருப்பதால் அதைக் கிரைண்டரில் சில நொடிகள் மட்டும் சுற்றி எடுக்கிறேன். முற்றிலும் மாவாக்கிவிட்டால் பட்டரை உழுவதற்குக் கூர் இருக்காது. துடுப்பு வடிவப் பீட்டரைப் பூட்டி, முதலில் மிகக் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம், பிறகு நடு வேகத்தில் நான்கைந்து நிமிடம். இடையில் இரண்டு தடவை நிறுத்தி, கிண்ணத்தின் அடியையும் பக்கங்களையும் வழித்துவிடுவேன். மஞ்சள் நிறம் வெளிறித் தந்த நிறமாகும்போது நிறுத்த வேண்டும். கடிகாரத்தைவிட இந்த நிறத்தை நம்புங்கள்.

அதற்கு முன்பே கலவை மினுங்கத் தொடங்கினால் பதற வேண்டாம். கிண்ணத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். எஃகுக் கிண்ணம் விரைவில் குளிர்ந்துவிடும்; அது நமக்கு வாய்த்த வசதி. முட்டையையும் வெக்கையில் கிடந்தபடியே உடைத்து ஊற்றாதீர்கள். அரைமணி நேரம் குளிரில் வைத்தெடுத்து, ஒவ்வொன்றாக, முந்தையது முழுவதும் சேர்ந்த பிறகே அடுத்ததைச் சேருங்கள். திரிந்தது போலத் தெரிந்தால் ஒரு கரண்டி மா தூவினால் சேர்ந்துகொள்ளும். மீதி மாவைப் போடும் கட்டத்தில் இயந்திரத்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது: மிகக் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் போதும். நான் அதையும் கையால்தான் செய்கிறேன். இந்தக் கட்டத்தில் கூடுதலாக அடித்தால் கோதுமையின் பசைத்தன்மை எழுந்து, கேக் பாணைப் போல இழுபடும்.

சமையலுக்கான சிறிய வெப்பமானி ஒன்று வாங்குங்கள். மிக்சருக்கு அடுத்ததாக என் சமையலறையில் அதிகம் உழைப்பது அதுதான். கொழும்பில் கேக் செய்கிறவருக்கு இருபதாவது கேக் அச்சைவிட அது பயன்படும்.

ரொட்டி மா பற்றிய பயத்துக்கு வருகிறேன். இந்த இயந்திரம் பிறந்ததே மா குழைப்பதற்காக. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியியலாளர் ஹெர்பர்ட் ஜோன்ஸ்டன் 1908இல் வடிவமைத்தது வெதுப்பகங்களுக்கான 80 குவார்ட் இயந்திரம். ஏறக்குறைய 75 லீட்டர் கொள்ளும். பேக்கரிக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவோடு போராடுவதைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். வீட்டு அளவுக்கு அது சுருங்கி வந்தது 1919இல், கிச்சன்எய்ட் என்ற பெயரில். நம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் கென்வுட் செஃப் 1950இல் இங்கிலாந்தில் வந்தது. ஆகவே மாவுக்கு அஞ்ச வேண்டாம். அளவுக்கும் வேகத்துக்கும் மட்டும் அஞ்சுங்கள். ஐந்து லீட்டர் கிண்ணத்தில் ஒரு தடவைக்கு 500, 600 கிராம் மாவுக்கு மேல் நான் போடுவதில்லை. மா குழைக்கும் கொக்கியைப் பூட்டினால் இரண்டாம் வேகத்தைத் தாண்டுவதில்லை. அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள்: 'கேபி 10 நிமிடம்' என்பது போல ஏதாவது பொறித்திருந்தால், தொடர்ந்து அவ்வளவு நேரமே ஓட்டலாம், பிறகு ஆறவிட வேண்டும் என்று பொருள். தலைப்பகுதியைத் தொட்டால் கை சுடுமளவுக்குப் போனால் தகடு என்ன சொன்னாலும் நிறுத்திவிடுங்கள்.

பாண் மாவிலும் வெக்கைதான் எதிரி. பேக்கரிக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு; அதைக் கற்ற நாளிலிருந்து என் பாண் கெட்டதில்லை. குழைத்து முடித்த மா 26 பாகையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மாவின் சூடு 30, அறையின் சூடு 30, இயந்திரம் உராய்ந்து ஏற்றும் சூடு ஏறக்குறைய 12 ஆகியவற்றைக் கழித்தால் மீதி 6. தண்ணீர் 6 பாகையில் இருக்க வேண்டும். அதாவது ஐஸ் போட்ட தண்ணீர். குறிப்பில் 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று எழுதியிருந்தாலும் நமக்கு ஐஸ் தண்ணீரே. முப்பது பாகையைத் தாண்டிய மா கொக்கியில் ஒட்டிக்கொண்டு சுற்றும், அவசரமாகப் பொங்கும், புளிப்பு வாடை அடிக்கும். ஆறேழு நிமிடம் குழைத்த பிறகு ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிந்தால் போதும். மீன் பணிஸ், பரோட்டா இரண்டுக்கும் இதே சோதனைதான். தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டிக்குக் கொக்கி வேண்டாம். பீட்டரால் சேர்ந்து வரும்வரை கலந்தால் போதும், குழைத்தால் இறுகிவிடும்.

வேறு எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த பயன் உழுந்து வடை. உழுந்தை மிகக் குறைந்த தண்ணீரில் அரைத்தெடுத்து, பீட்டரால் நடு வேகத்தில் மூன்று நிமிடம் அடியுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அம்மா இதே மாவைக் கையால் அரைமணி நேரம் அடிப்பார். இப்போது அவருக்குத் தோள் வலி. நவராத்திரிக்கு நூறு வடை சுட்ட அன்றுதான் இந்த இயந்திரத்தை அவர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டார். இடியப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றும்போதும் பீட்டர் மிகக் குறைந்த வேகத்தில் சுற்றினால் கை வெந்துபோகாது. பிட்டுக்கும் சரிவரும், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, உதிரும் பதத்தில் உடனே நிறுத்த வேண்டும், நான்கு நொடி கூடினாலும் உருண்டையாகிவிடும். லவ் கேக்குக்கு மஞ்சள் கருவையும் சீனியையும் கம்பி விஸ்க்கால் வெளிறும்வரை அடிப்பது முன்பு எங்கள் வீட்டில் மூன்று பேரின் வேலை. வெள்ளைக் கருவுக்குக் கிண்ணத்தைத் தேசிக்காய்ப் பாதியால் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் நுரை எழாது. ஆனால் சம்பலும் தோசை மாவும் இதில் அரைபடாது. இது கலக்கும் இயந்திரம். இதில் கத்தி இல்லை.

உங்களுடையது இங்கே கடையில் வாங்கியதா, வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. லண்டனிலிருந்து என்றால் கவலை இல்லை, மின்சாரம் ஒன்றுதான். கனடாவிலிருந்து என்றால் பிளக்கைக் குத்துவதற்கு முன் தகட்டை வாசியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. டொரன்டோவில் இருக்கும் என் மச்சாள் ஆசையோடு பெட்டியில் சுமந்து வந்த மிக்சரை, அடாப்டர் போட்டால் போதும் என்று எண்ணி நேரடியாகச் செருகிவிட்டோம். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும். சில நொடிகளில் கருகிய வாடை, அதோடு முடிந்தது. அவருடைய முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. அப்படிப்பட்ட இயந்திரத்துக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும். மிக்சரின் வாட் அளவைப் போல இரு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடைகள் நிறைய உண்டு, விசாரித்து வாங்கலாம்.

பீட்டர் கிண்ணத்தின் அடியைத் தொடுகிறதா என்றும் ஒரு தடவை சோதியுங்கள். வெறும் கிண்ணத்தில் மெல்லிய நாணயம் ஒன்றைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் சற்றே நகர்ந்தால் சரியான உயரம். நகராவிட்டால் அடியில் பட்டர் கலக்காமல் தங்கும். கூடவே இழுபட்டுச் சுற்றினால் கிண்ணம் கீறும். தலை சாயும் வகை என்றால் அதன் கழுத்துப் பக்கம் இதற்கென்று ஒரு திருகு பெரும்பாலும் இருக்கும்.

பூச்சில்லாத அலுமினியப் பீட்டரைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள், ஈரத்தோடும் வைக்காதீர்கள். நம் கடற்காற்றில் விரைவில் கறுத்து, கேக்கில் சாம்பல் நிறம் படியும். பல வாரம் ஓட்டாமல் வைத்திருந்தால் பீட்டர் பூட்டும் தண்டிலிருந்து எண்ணெய்த் துளி சொட்டலாம். உள்ளே இருக்கும் கிரீஸ் வெக்கையில் பிரிந்து இறங்குவதால் வருவது அது. துடைத்துவிட்டு, வெறும் இயந்திரத்தை அதிக வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் நிற்காமல் சொட்டினால் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அடுத்த பட்டர் கேக்கைக் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். பட்டரும் சீனியும் அடித்து முடிந்ததும் கலவையின் சூட்டை அளந்து, அதன் நிறத்தோடு சேர்த்து இங்கே எழுதுங்கள். 23 பாகைக்குள் இருந்தும் கேக் அமுங்கினால், பிறகு உங்கள் ஓவனைப் பற்றிப் பேசுவோம்.