வாசகர் கேள்வி-பதில்: பெண்களும் குடியும்

வியாசர்பாடியில் மகளிர் சுயஉதவிக் குழு நடத்தும் வாசகி: எங்கள் பகுதியில் பெண்கள் குடிப்பது கூடியிருக்கிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டோம். 140 வீட்டில் ஒருவர்கூட 'ஆமாம்' என்று சொல்லவில்லை. எப்படிக் கேட்பது?

பதில்: வாசலில், மாமியார் காதுபட, 'நீங்க குடிப்பீங்களா?' என்று கேட்டால் எந்தப் பெண்ணும் தலையாட்ட மாட்டார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் குடிப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 1.3 சதவீதம்தான், ஆண்கள் ஏறக்குறைய 19 சதவீதம். பெண்கள் குறைவாகக் குடிப்பது உண்மை. ஆனால் அந்த 1.3-க்குள் வெட்கமும் பயமும் எவ்வளவு ஒளிந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தனியாக, கதவு சாத்திய அறையில், ஒரு பெண்ணே கேட்க வேண்டும். உடம்பு வலி, தூக்கம், வெற்றிலை, புகையிலை என்று தொடங்கி, பிறகு 'அசதிக்கு எப்பவாவது கொஞ்சம் போட்டுக்குவீங்களா? போன வருஷத்துல?' என்று வாருங்கள். 'எவ்வளவு' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். குவாட்டரா, கட்டிங்கா, பீரா, எத்தனை பேர் பங்கு போட்டார்கள், வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

கணக்கு இதுதான். 42.8 சதவீத மதுவில் 30 மி.லி. குடித்தால் உள்ளே போவது சுமார் 10 கிராம் ஆல்கஹால். அதுதான் ஓர் அளவு. கட்டிங் 90 மி.லி. என்றால் 3 அளவு, குவாட்டர் 180 மி.லி. என்றால் 6. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஏறக்குறைய 4. 'ஒரே ஒரு குவாட்டர்தான்' என்ற பதிலைச் சின்ன விஷயம் என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த 'ஆடிட்' படிவத்தில் 10 கேள்விகள். முதல் மூன்றின் கூட்டு மதிப்பெண் பெண்களுக்கு 3-ஐத் தொட்டாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். வாரம் ஒரு கட்டிங் போடுபவருக்கே 3 வந்துவிடும். தினமும் ஒரு குவாட்டர் என்றால் 10.

பெண்ணுக்கு ஏன் இவ்வளவு தாழ்ந்த வரம்பு? உடம்பில் தண்ணீரின் பங்கு ஆணைவிடக் குறைவு. வயிற்றில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதியும் பொதுவாகக் குறைவு. ஒரே அளவு குடித்தாலும் ரத்தத்தில் அதிகம் ஏறும், கல்லீரல் சீக்கிரம் கெடும்.

தாளில் பெயர் எழுதாதீர்கள், எண் போதும். 'இந்தத் தெருவில் இரண்டு பேர்' என்று கூட்டத்தில் சொன்னால் அந்த இருவர் யாரென்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அப்புறம் யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

காசிமேடு வாசகி: அம்மாவுக்கு 48 வயது, மீன் விற்கிறார். ஆறு வருஷமாக ராத்திரி ஒரு குவாட்டர். ஒரு நாள் விட்டால் கை நடுங்குகிறது. நாலு நாள் வீட்டில் வைத்துப் பூட்டி நிறுத்தலாமா? சாப்பாட்டில் கலக்க மாத்திரை இருக்கிறதாமே?

பதில்: இரண்டும் வேண்டாம். விட்டால் கை நடுங்குகிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம். அது உயிரைக் குடிக்கும். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108. டாக்டர் வலிப்பைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அந்த மாத்திரையின் அளவைக் குறைப்பார். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். 'தினமும் குடிக்கிறார்' என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட மாத்திரை டைசல்ஃபிராம். அதைத் தெரியாமல் விழுங்கிவிட்டுக் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் தாறுமாறாக இறங்கும். சிலர் இறந்துபோகிறார்கள். நோயாளிக்குத் தெரிந்து, ஒப்புதலோடு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் அல்லது அரசுப் பொது மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்குத் தனி வார்டு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். நேரில் போகத் தயங்கினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். பெரும்பாலோரைத் தடுப்பது 'ஊருக்குத் தெரிஞ்சிடும்' என்ற பயம்தான்.

வேளச்சேரி வாசகி: கர்ப்பம் என்று தெரியாமல் ஐந்தாவது வாரத்தில் பார்ட்டியில் இரண்டு கிளாஸ் ஒயின் குடித்தேன். கலைக்க வேண்டுமா?

பதில்: அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, அதனால் இன்றே முழுதாக நிறுத்துங்கள். அடுத்த பரிசோதனையில் உங்கள் டாக்டரிடம் வாரத்தையும் அளவையும் அப்படியே சொல்லுங்கள்.