ஹாஸ்மாட் தேர்வுக்கு எப்படிப் படிப்பது? ஒருமுறை கோட்டைவிட்டவனின் பதில்

கேள்வி: அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிறேன், சிடிஎல் (வணிக வாகன ஓட்டுநர் உரிமம்) இருக்கிறது. அபாயகரமான சரக்கு ஏற்றுவதற்கான ஹாஸ்மாட் அனுமதியும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். தேர்வு ரொம்பக் கடினம் என்கிறார்கள். எனக்கு வேதியியல் சுத்தமாக வராது. எப்படிப் படிப்பது?

முதலில் என் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை 30க்கு 21. எண்பது சதவீதம், அதாவது 24 வேண்டும். மூன்று கேள்வியில் போச்சு.

கைபேசியில் ஒரு பயிற்சிச் செயலியை இறக்கி, அதிலிருந்த நானூற்றுச் சொச்சம் கேள்விகளையும் பத்தாம் வகுப்புக் கோனார் உரை மாதிரி நெட்டுரு போட்டிருந்தேன். கேள்வியின் முதல் நாலு வார்த்தையைப் பார்த்தாலே விடை எது என்று விரல் போய்விடும். தேர்வில் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தார்கள். "எப்போது பிளகார்டு (வண்டியின் வெளியே ஒட்டும் அபாய அறிவிப்பு அட்டை) ஒட்ட வேண்டும்" என்று படித்தவனிடம் "எப்போது ஒட்டத் தேவையில்லை" என்று கேட்டால் விரல் பழைய இடத்துக்கே போகிறது.

வேதியியல் கவலையை விடுங்கள். ஒரு சமன்பாடுகூட வராது. ஒன்பது வகுப்புகள் தெரிந்தால் போதும். நான் அதை வாய்ப்பாடு மாதிரி ஆக்கிக்கொண்டேன்: ஒண்ணு வெடி, ரெண்டு வாயு, மூணு எண்ணெய், நாலு கட்டி, அஞ்சு ஆக்சிஜன், ஆறு விஷம், ஏழு கதிர், எட்டு அமிலம், ஒன்பது மிச்சம். நாலாவதில் "கட்டி" என்றது தீப்பிடிக்கும் திடப்பொருள்கள், அஞ்சாவதில் "ஆக்சிஜன்" என்றது ஆக்சிஜன் தந்து தீயை வளர்ப்பவை. வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு வாரம் முணுமுணுத்தேன், ஒட்டிக்கொண்டது.

படிப்பதற்கு முன் அலைச்சல் வேலை இரண்டு உண்டு. 2022 பிப்ரவரி 7ஆம் தேதியிலிருந்து, முதன்முறையாக ஹாஸ்மாட் வாங்குகிறவர்கள் மத்திய அரசின் பட்டியலில் பதிவான ஒரு பயிற்சி நிறுவனத்தில் பாடம் முடித்தாக வேண்டும். இணையத்திலேயே முடிக்கலாம், வண்டி ஓட்டிக் காட்டத் தேவையில்லை, இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் இல்லை. முடித்ததை அவர்கள் இரண்டு வேலைநாளுக்குள் அரசின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் பணம் கட்டிய இடத்தில் ஏற்றவே இல்லை. லீவு போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போனால், கவுன்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்றைய சம்பளம் போனதுதான் மிச்சம். ஏறிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டே கிளம்புங்கள்.

இன்னொன்று டிஎஸ்ஏ பின்னணிச் சோதனை. விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொல்கிற அதே துறைதான். 2001 தாக்குதலுக்குப் பிறகு வந்த சட்டத்தால் கைரேகை கொடுக்க வேண்டும். குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். அறுபது நாள் முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது. தேர்வு முதலிலா, கைரேகை முதலிலா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சரி, படிப்புக்கு வருவோம். உங்கள் மாநிலத்தின் சிடிஎல் கையேட்டை எடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் 9ஆம் பகுதிதான் ஹாஸ்மாட். அதைக் கதை மாதிரி ஒருமுறை மேலோட்டமாக வாசித்தால் தலை சுற்றும். நானும் சுற்றித்தான் போனேன். இரண்டாவது முறை வாசித்தபோது ஊரில் இருக்கும் மாமாவின் நினைவு வந்தது. அங்கேதான் எனக்குப் பூட்டுத் திறந்தது.

எனக்கு நாமக்கல் பக்கம். எங்கள் ஊரில் கேஸ் டேங்கர் ஓட்டாத குடும்பத்தை எண்ணிவிடலாம். மாமா முப்பது வருஷமாகப் புல்லட் டேங்கர் ஓட்டுகிறவர். அவர் வண்டியின் பின்னால் 1075 என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் அதை வண்டி நம்பரின் ஏதோ ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். இங்கே ஓட்டுநர்கள் கையில் இருக்கும் ஆரஞ்சு அட்டை போட்ட அவசரகாலக் கையேட்டின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டினால், 1075க்கு நேராக எரிவாயு, வழிகாட்டி எண் 115 என்று இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குப் போன் போட்டேன்.

"மாமா, உங்க வண்டிக்குப் பின்னாடி 1075ன்னு இருக்குதே, அது என்னன்னு தெரியுமா?"

"கேஸுக்கு நம்பர் அது மாப்ள. எழுதலீனா பிளான்ட்டுக்குள்ளயே உடமாட்டான்."

"அது எதுக்கு எழுதறாங்க?"

"எதுக்குன்னா? நான் செத்துக் கிடந்தா எவன் வந்து சொல்லுவான், உள்ள என்ன இருக்குதுன்னு?"

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கையேட்டை மறுபடி வாசித்தேன். பாதி விதிகள் தாமாக நின்றுவிட்டன. ஓட்டுநர் பேச முடியாத நிலையில் கிடக்கிறார், தீயணைப்பு வண்டி வருகிறது, வந்தவருக்கு எதுவும் தெரியாது. அவருக்காக எழுதியவைதான் இவை.

சரக்கு விவரம் எழுதிய ஷிப்பிங் பேப்பரை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்வி நிச்சயம் வரும். சீட் பெல்ட் போட்டபடியே கை எட்டும் தூரத்தில், உள்ளே ஏறுகிறவர் கண்ணில் படும்படி, இல்லையென்றால் ஓட்டுநர் பக்கக் கதவின் பையில். வண்டியை விட்டு இறங்கினால் ஓட்டுநர் இருக்கையின் மேல், அல்லது அதே கதவுப் பையில். தேர்வில் கையுறைப் பெட்டி, ஸ்லீப்பர் (இருக்கைக்குப் பின்னால் படுக்கும் இடம்), சட்டைப் பை என்றெல்லாம் தூண்டில் போடுவார்கள். உங்கள் சட்டைப் பையில் தீயணைப்பு வீரர் கைவிட்டுத் தேடுவாரா என்று யோசித்தால் சிக்க மாட்டீர்கள்.

பேப்பரிலும் அதே கதைதான். மற்ற சரக்கோடு கலந்து எழுதினால் அபாயப் பொருள் முதலில் இருக்க வேண்டும், இல்லை வேறு நிறத்தில் இருக்க வேண்டும், இல்லை அதற்கான கட்டத்தில் எக்ஸ் குறி இருக்க வேண்டும். பொருளின் விவரத்துக்கு வரிசை உண்டு: எண், பெயர், வகுப்பு, பேக்கிங் குழு (ஆபத்து எவ்வளவு என்று சொல்வது). பெட்ரோல் என்றால் யூஎன்1203, கேசோலின், 3, பிஜி இரண்டு. வரிசையை மாற்றி நாலு விடை கொடுத்து எது சரி என்று கேட்பார்கள்.

பிளகார்டு நான்கு பக்கமும் ஒட்ட வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தெரியத்தான். நான் மண்ணைக் கவ்வியது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணைச் சரக்கு கைப்பிடி அளவு இருந்தாலும் ஒட்ட வேண்டும்: பெரிய வெடிபொருள்கள், விஷ வாயு, தண்ணீர் பட்டால் ஆபத்தானவை, மூச்சில் போனால் கொல்லும் விஷம், "மஞ்சள் III" என்ற லேபிள் உள்ள கதிரியக்கப் பொருள் போன்றவை. இரண்டாவது அட்டவணையில் இருப்பவை 1,001 பவுண்டு சேர்ந்தால்தான், அதுவும் பொட்டலத்தின் எடையையும் சேர்த்து. பெட்ரோல் இரண்டாம் அட்டவணைதானே, 800 பவுண்டு என்றால் ஒட்ட வேண்டாமே என்று டேங்கர் பற்றிய கேள்வியில் பதில் போட்டேன். தப்பு. இந்த 1,001 சலுகை டேங்கர் போன்ற மொத்தக் கலனுக்குக் கிடையாது. காலி டேங்கரானாலும் கழுவிச் சுத்தம் செய்கிறவரை பிளகார்டு இறங்காது.

"டேஞ்சரஸ்" என்ற பொதுப் பிளகார்டும் குழப்பும். இரண்டாம் அட்டவணையில் பல வகுப்புகள் கலந்து ஏற்றினால் தனித்தனியாக ஒட்டாமல் இதை ஒட்டலாம். ஆனால் ஒரே வகுப்பை ஒரே இடத்தில் 2,205 பவுண்டோ அதற்கு மேலோ ஏற்றினால் அந்த வகுப்புக்கு அதனுடைய பிளகார்டு வேண்டும். அது 1,000 கிலோ. கிலோவில் நினைத்தால் மறக்காது, நமக்கு அது ஒரு டன்.

எதை எதோடு ஏற்றக் கூடாது என்ற அட்டவணையைப் பார்த்ததும் மூடிவைக்கத் தோன்றும். முழுக்க மனப்பாடம் செய்யாதீர்கள். நான் ஓட்டுவது பல கம்பெனிச் சரக்கும் கலந்து ஏறும் வண்டி. ஒரு பேலட் பெயிண்ட், ஒரு பேலட் பேட்டரி, ஒரு பேலட் நீச்சல் குளத்துக் குளோரின் தூள் என்று வரும். பேட்டரியின் அமிலம் கசிந்து அந்தத் தூளில் சொட்டினால் டிரெய்லருக்குள் குளோரின் வாயு. அதனால்தான் அமிலத் திரவத்தை நாலு, அஞ்சு வகுப்புகளுக்கு மேலேயோ பக்கத்திலோ வைக்கக் கூடாது. சயனைடும் அமிலமும் சேரவே கூடாது. விஷத்தை உணவுப் பொருளோடு ஏற்றக் கூடாது. இந்த மூன்றும் தெரிந்தால் தேர்வுக்குப் பெரும்பாலும் போதும்.

தூரக் கணக்குகள்தான் கழுத்தறுப்பு. எண்களைத் தனியாகப் படித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு பயணமாகக் கற்பனை செய்துகொண்டேன். டிப்போவிலிருந்து கிளம்பும் முன் டயர் பார்க்கிறேன், நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். பக்கத்தில் ஒருவர் சிகரெட் பற்றவைக்கிறார், தீப்பிடிக்கும் சரக்கு என்றால் 25 அடிக்குள் கூடாது என்று விரட்டுகிறேன். ரயில் பாதை வருகிறது, தண்டவாளத்துக்கு 15 முதல் 50 அடிக்குள் நிறுத்துகிறேன். டீசல் போடுகிறேன், எஞ்சினை அணைத்துவிட்டு நாசில் பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். சாலையோரம் ஒதுங்கினால் வண்டிகள் ஓடும் பகுதியிலிருந்து 5 அடி தள்ளி. வெடிபொருள் இருந்தால் பாலம், சுரங்கம், கட்டிடம், கூட்டம் எல்லாவற்றிலிருந்தும் 300 அடி. வண்டியைக் காவல் காப்பது என்றால் உள்ளே விழித்திருக்க வேண்டும், ஸ்லீப்பரில் படுப்பது கணக்கில் வராது. இல்லாவிட்டால் வண்டி தெளிவாகத் தெரியும்படி 100 அடிக்குள் இருக்க வேண்டும். தீப்பிடிக்கும் சரக்கு டேங்கர் பழுதாகி நின்றால் தீப்பந்தம் போல எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகாது, பிரதிபலிக்கும் முக்கோணம் வைக்கலாம்.

அப்புறம், யார் வேலை எது என்ற கேள்விகள். சரக்கை வகைப்படுத்துவதும், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டுவதும், பேப்பர் தயாரிப்பதும், பிளகார்டு கொடுப்பதும் அனுப்புகிறவர். வண்டியில் அதை ஒட்டுவது ஓட்டுநர். ஒழுகும் பொட்டலத்தை ஏற்ற மறுப்பதும் ஓட்டுநர்தான். லேபிள் பொட்டலத்துக்கு, பிளகார்டு வண்டிக்கு. இதைக்கூடக் கேட்கிறார்கள், சும்மா விடாதீர்கள்.

விபத்து பற்றிய கேள்விகளில் வீரம் காட்டும் விடை எப்போதும் தப்பு. ஒழுகும் வண்டியை ஓட்டிக்கொண்டே உதவி தேடிப் போவது, சரக்கே எரியும்போது நீங்களே அணைக்கப் பார்ப்பது, சூடான டிரெய்லர் கதவைத் திறந்து பார்ப்பது, எல்லாம் தூண்டில். ஆட்களை விலக்கி வைத்து, நீங்களும் விலகி நின்று, வேறொருவரைத் தகவலோடு அனுப்புவதுதான் விடை. இடம், போகும் திசை, பொருளின் பெயர், எண், வகுப்பு ஆகியவற்றை எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும்.

மொழி விஷயத்தில் ஒன்று. கேள்விகளில் "தவிர" என்ற பொருளில் வரும் சொல்லையும் "இல்லை" என்ற சொல்லையும் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள். அவசரத்தில் நான் விட்ட ஒன்பதில் குறைந்தது இரண்டு இதில் போனவை. இரண்டாம் முறை செயலியைத் திறக்கவே இல்லை. கையேட்டிலிருந்து நானே கேள்வி எழுதி, என் மனைவியைக் கேட்கச் சொன்னேன். அவளுக்கு டிரக் பற்றி ஒன்றும் தெரியாது. "ஏன்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். ஏன் என்று சொல்ல முடியாதவற்றில் மட்டும் பென்சிலால் குறி போட்டுத் திரும்பப் படித்தேன். பத்து நாள், தினம் ஒரு மணி நேரம். 28 வந்தது.

பெட்ரோல் ஓட்டும் எண்ணம் இருந்தால் டேங்கர் அனுமதியையும் சேர்த்தே எழுதிவிடுங்கள், அதற்குக் கைரேகையெல்லாம் இல்லை. இரண்டும் சேர்ந்தால் உரிமத்தில் எக்ஸ் என்று வரும்.

கேள்வி எழுதிப் படித்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுப்பிக்கும்போது பின்னணிச் சோதனையும் மறுபடி உண்டு, எழுத்துத் தேர்வும் மறுபடி உண்டு. என்னுடையது அடுத்த வருஷம் வருகிறது. மாமாவிடம் சொன்னேன். "எங்களுக்கும் மூணு நாள் கிளாஸ் வெச்சாங்க மாப்ள, சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றார்.