துல்பாவை உருவாக்கி, உடலையும் அதன் கையில் கொடுக்க முடியுமா?

துல்பா என்பது ஒருவர் தன் மனதுக்குள் வேண்டுமென்றே வளர்க்கும் இன்னொரு ஆள். 1929-ல் வெளியான தன் திபெத் நூலில், பிரெஞ்சுப் பயண எழுத்தாளர் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல், குண்டான, சிரித்த முகமுள்ள துறவி ஒருவரை இப்படி உருவாக்கியதாக எழுதினார். போகப்போக அந்தத் துறவி மெலிந்து, முகம் கடுகடுத்து, அவரைக் கலைக்கவே ஆறு மாதம் ஆனதாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இன்று இதைப் பழகுபவர்கள் உருவம், குரல், குணம் எல்லாவற்றையும் கற்பனை செய்து, தினமும் அதோடு பேசுகிறார்கள். உருவத்தைவிடப் பேச்சுதான் முக்கியம் என்பேன். நாளடைவில், தாங்கள் யோசிக்காத பதில் தானாக வருவதுபோல உணர்கிறார்கள்.

சரி, உடலின் கட்டுப்பாடு? முதலில் ஒரு கையைத் தளரவிட்டு, அதை துல்பா அசைப்பதாக எதிர்பார்ப்பார்கள். கை அசையும். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் எழுத்துப் பலகையான ஓஜா போர்டில் காசு நகர்வதும் இதே வகைதான்: அசைப்பது நம் தசை, ஆனால் "நான் அசைத்தேன்" என்ற உணர்வு இருக்காது. முழு உடலையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே ஒதுங்குவது இதைவிடக் கடினம் என்கிறார்கள்.

குரல் மிரட்டினாலோ, கட்டளையிட்டாலோ, இடையில் நடந்தது நினைவில்லாமல் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.